ரவிதேஜா பெயரில் ஒரு விருது

"அவகிட்ட நீயே சொல்லிப்போடு கோமளா. விளக்கு ஏத்தற நேரத்துல மௌனிகா மேடைப் பக்கம் வர வேண்டாம்" என்றார் ராமுலு மனைவியிடம், கண்ணாடியைப் பார்த்து மீசையைச் சீவிக்கொண்டே.

"ஏனுங்க, இந்த விருதே அவ யோசனைதானுங்களே?"

"இல்லீன்னு யாரு சொன்னா? நல்ல காரியம் ஆரம்பிக்கறோம். நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்க."

பெரியநாயக்கன்பாளையத்தில் பம்பு செய்து பல நாடுகளுக்கு அனுப்புகிற மனிதர். உலகத்துக்குப் பயப்படாதவருக்கு அந்த நாலு பேரிடம் மட்டும் அப்படியொரு பயம்.

மகன் ரவிதேஜா விபத்தில் போனபிறகு பேச்சையே மறந்து கிடந்த மருமகள் மௌனிகா, ஒருநாள் தானாக வந்து கேட்டாள். "மாமா, கெட்ட ஆம்பளைங்களப் பத்தித்தான் தினமும் செய்தி வருது. நல்லவங்களையும் பசங்களுக்குக் காட்டலாமுங்களா, அவரு பேர்ல?" அப்படிப் பிறந்ததுதான் இந்த உலக விருது. வெளிநாட்டு நடுவர்களைத் தேடிப் பிடித்துச் சம்மதிக்க வைத்ததும் அவள்தான்.

கோமளா போனபோது மௌனிகா, ரவிதேஜா எடுத்துக் கொடுத்த பட்டுப்புடவைக்கு மடிப்பு வைத்துக்கொண்டிருந்தாள்.

"கண்ணு, விளக்கு ஏத்தி முடியற வரைக்கும் நீ சாப்பாட்டுக் கூடத்தப் பாத்துக்கறயா?"

மௌனிகாவின் கை அப்படியே நின்றது. அத்தையின் முகத்தைப் பார்த்தாள். புரிந்துவிட்டது.

"சரிங்க அத்தை."

அழுதிருந்தால்கூடத் தேவலை. கோமளா வேகமாகத் திரும்பி நடந்துவிட்டாள்.

கோயம்புத்தூர் மண்டபம் நிரம்பி வழிந்தது. மேடையில் மாலை போட்ட படத்துக்குள் ரவிதேஜா சிரித்துக்கொண்டிருந்தான். சிங்கப்பூரிலிருந்து வந்த நடுவர் குழுத் தலைவர் மைக்கைப் பிடித்தார்.

"ஏன் இவர் பெயரில் விருது? தன் கல்யாணத்தில், ஓரமாக நின்ற விதவை அத்தை வெங்கடலட்சுமியை மணவறைக்கு அழைத்து, முதல் அட்சதையை அவர் கையால் போடச் சொன்னவர் ரவிதேஜா. இவரல்லவா முன்மாதிரி ஆண்!"

மண்டபம் அதிரக் கைதட்டியது. எல்லாரையும்விட ஓங்கித் தட்டியவர் ராமுலு. அன்றைக்கு மகனிடம் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசாதவரும் அவரேதான்.

"இப்போது திருமதி கோமளா ராமுலு குத்துவிளக்கு ஏற்றுவார்."

மெழுகுவத்தியைக் கையில் கொடுத்தார்கள். கோமளா மகனின் படத்தைப் பார்த்தாள். திரியை நோக்கிக் கை போகவே இல்லை. மெழுகுவத்தியோடு மேடையிறங்கிச் சாப்பாட்டுக் கூடத்துக்கு விறுவிறுவென்று நடந்தாள்.

மௌனிகா தனியாக, ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

"அம்மணி, எந்திரி. நீதான் ஏத்தோணும். வா."

"வேண்டாங்க அத்தை."

"தப்புப் பண்ணிப்போட்டேன் கண்ணு."

"காலைல ஊட்டுல ஒதுக்கிப்போட்டு இப்ப மேடைக்குக் கூப்பிட்டா, அந்த மரியாதை எனக்கில்லீங்க. அவரு படத்துக்குங்க. அவரு இருந்திருந்தா என்னை இங்க உக்கார விட்டிருக்க மாட்டாருங்க." அப்போதுதான் அவள் குரல் உடைந்தது.

கோமளா மெழுகுவத்தியை ஊதி அணைத்தாள். மருமகளை இறுக அணைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள். மேடைக்குத் திரும்பிப் போகவில்லை.

வெளியே ஒலிபெருக்கி கொஞ்சம் தடுமாறியது. பிறகு, யாரோ ஒரு மில் முதலாளியின் மனைவி விளக்கேற்றுவதாக அறிவித்தது. நாதஸ்வரம் முழங்கியது. நல்ல ஆண்களைப் பாராட்டக் கூடியிருந்த அத்தனை ஆண்களும் எழுந்து நின்று கைதட்டினார்கள். உள்ளே அழுகிற சத்தம் கேட்டு வந்து பார்க்க, அவர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.