புகைபோக்கியின் நிறம்

கப்பல் கம்பெனியை மூடி இத்தனை காலம் கழித்து, அதன் புகைபோக்கி என்ன நிறம் என்று ஒரு சண்டை வரும் என யாரும் நினைக்கவில்லை.

துறைமுகக் காட்சிக்கூடத்தில் கம்பெனியின் வரலாற்றுக்கென்று ஓர் அறை ஒதுக்கியிருந்தார்கள். அங்கே வைக்கப் பழைய ஊழியர் சங்கத்திடம் இருந்த பெரிய பொருள், ஆள் நீளத்துக்கு ஒரு மாதிரிக் கப்பல். தலைமை அலுவலகத்தின் சன்னலோரமே நின்றதில் அதன் புகைபோக்கியின் நிறத்தை வெயில் குடித்துவிட்டிருந்தது. படங்கள் எல்லாம் கறுப்பு வெள்ளை. கிடைத்த ஒரே வண்ணப்படத்தில் கடலே ஊதாவாகிக் கிடந்தது. கம்பெனிக்கென்று தனியாகப் பெயிண்ட் கலந்து கொடுத்த தொழிற்சாலையும் இப்போது இல்லை.

"செங்கல் நிறம். இதுல என்ன சந்தேகம்?" என்றார் கேப்டன்.

"செங்கல்ல வச்சு வீடு கட்டுங்க. அது பாக்கு நிறம்," என்றார் சீஃப் இன்ஜினியர்.

"காலம் பூரா கீழ இன்ஜின் ரூம்ல கிடந்த மனுஷன். நீங்க எங்கய்யா மேல வந்து பாத்தீங்க?"

"அந்தப் புகையே நான் போட்டதுதான்யா!"

யானையைத் தடவிய குருடர்கள்கூட இவ்வளவு கத்தியிருக்க மாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டாள், சங்கத்தின் செயலாளராக இருந்தவள். அவள் கப்பலில் வேலை பார்த்தவள் அல்ல. கணவர் சீஃப் ஆபீசர். அவர் இறந்த பிறகு சங்கத்தில் அவருடைய நாற்காலியில் உட்காரச் சொன்னார்கள், உட்கார்ந்தாள்.

"யார் வீட்டுலயாவது கம்பெனி பெயிண்ட் ஒட்டிக்கிட்டிருக்கும்யா," என்றார் கேப்டன். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று, அந்தக் காலத்தில் கம்பெனிக்காரர்கள் வீட்டுக் கேட், முக்காலி, தண்ணீர்க் குழாய் எல்லாமே புகைபோக்கியின் நிறத்தில்தான் இருந்தன. இப்போது கேட்டுகள் பழைய இரும்புக்கடைக்குப் போய்விட்டன. வீடுகள் இருந்த இடத்தில் அடுக்குமாடிகள்.

"எங்க வீட்டுல இரும்பு அலமாரி இருக்கு," என்றாள் அவள். "அவர் அடிச்சது. மேல வேற பெயிண்ட் பூசியிருக்கு. சுரண்டிப் பாத்தா தெரியும்."

"இத ஏம்மா முதல்லயே சொல்லல? தொண்டை கிழியக் கத்திட்டோமே!" என்றார் இன்ஜினியர்.

ஏன் சொல்லவில்லை என்று அவளுக்குத் தெரியும். அந்த அலமாரியைப் பற்றி அவள் யாரிடமும் பேசுவதில்லை.

ஒரு விடுமுறையில், அவள் வெளியே போயிருந்த நேரம் பார்த்து, கணவர் அதற்கு வண்ணம் அடித்து வைத்திருந்தார். திரும்பி வந்தவள், "ஒன்பது மாசம் கப்பல்ல இருக்கிறது போதாதா? வீட்டையும் கப்பலாக்கணுமா?" என்றாள். அவர் சிரித்தார். "நான் இல்லாதப்ப இதப் பாத்துக்கிட்டிரு."

அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. காலையில் கண் விழித்தால் எதிரே கம்பெனி நின்றது. அவர் கப்பலேறிய மறுவாரமே ஆள் வைத்து அலமாரியைச் சந்தன நிறமாக்கினாள். அடுத்த விடுமுறையில் வந்தவர் பெட்டியை வைத்தார், அலமாரியைப் பார்த்தார், கதவைத் திறந்து சட்டைகளை மாட்டினார். "நல்லாருக்கு," என்றார். சண்டைக்கென்று அவள் கோத்து வைத்திருந்த வார்த்தைகள் வீணாயின. பிறகு அந்த வீட்டில் அவர் பிரஷ்ஷைத் தொட்டதே இல்லை. அவருடைய சோம்பேறித்தனம் என்று நெடுநாள் தன்னையே நம்பவைத்திருந்தாள்.

வீட்டுக்குப் போனதும் கத்தியை எடுத்துக்கொண்டு அலமாரி முன் உட்கார்ந்தாள். பார்க்க வந்த மகள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"என்னம்மா, அலமாரிக்கு முகச்சவரமா?"

"வாயாடாம அந்த விளக்கப் பிடி."

சந்தன நிறம் பொருக்கு பொருக்காக உதிர்ந்தது. அடியில் சாம்பல் நிறப் பூச்சு. அதற்கும் அடியில் இரும்பு. கதவின் உட்பக்கம், கீலின் இடுக்கு, முதுகுப் பக்கம் என்று மாறி மாறிச் சுரண்டினாள். எங்கும் இரும்புதான். அப்போதுதான் பெயிண்டரிடம் தான் சொன்னது நினைவுக்கு வந்தது. 'அடியில இருக்கிறது பொட்டளவும் எட்டிப் பாக்கக் கூடாது. நல்லாத் தேச்சிட்டு அடி.' அவன் சொன்ன வேலையைச் சுத்தமாகச் செய்திருந்தான். மகளிடம் அதைச் சொன்னாள்.

"அப்பா மேல அவ்வளவு கோவமா உனக்கு?" என்றாள் மகள்.

"கோவம் இல்லடி. அவர வழியனுப்பப் போவேன்ல, கப்பல் சின்னதாகிக்கிட்டே போகும். கடைசிவரைக்கும் கண்ணுக்குத் தெரியறது அந்தப் புகைபோக்கி மட்டும்தான். அதக் கொண்டாந்து வீட்டுக்குள்ள வச்சா எப்படி?"

"அப்ப உனக்குதான நல்லா ஞாபகம் இருக்கணும்! என்ன நிறம்?"

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். மண்ணெண்ணெயில் கழுவிய அவருடைய கை வந்தது. நகக்கண்ணில் ஒட்டியிருந்த பெயிண்ட் வந்தது. நிறம் மட்டும் வரவில்லை.

அடுத்த கூட்டத்தில் வெறும் இரும்புதான் இருந்தது என்று சொன்னாள். கேப்டன் இரண்டு அட்டைகளை அவள் முன் வைத்தார். ஒன்றில் செங்கல், ஒன்றில் பாக்கு.

"நாங்க ரெண்டு பேரும் விட்டுக்கொடுக்கப் போறதில்ல. நீங்க சொல்றதுதான் முடிவும்மா."

"எனக்குத் தெரியலைங்க."

"சும்மா சொல்லுங்கம்மா, திறப்பு விழா தலைக்கு மேல நிக்குது," என்று அவசரப்படுத்தினார் இன்ஜினியர்.

அவள் விரல் செங்கல்லைத் தொட்டது. கைக்குப் பக்கத்தில் இருந்தது என்பதைத் தவிர அவளிடம் வேறு காரணம் இல்லை.

அறை திறந்து சில மாதங்கள் ஆயின. புகைபோக்கி பளிச்சென்று இருந்தது. வருகிறவர்கள் அதன் முன் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். ஒருநாள் இன்ஜினியர் அவள் அருகில் வந்து நின்றார்.

"தப்பு நிறம்தாம்மா. ஆனா நேத்து கனவுல கப்பல் வந்துச்சு. பாத்தா, புகைபோக்கி செங்கல் நிறம்! கனவுலயும் கேப்டன் ஜெயிச்சிட்டாரு."

அவள் சிரிக்கப் பார்த்தாள்.

"எனக்கும் அப்படித்தாண்ணே. கொஞ்ச நாளா அவரு நகத்துல செங்கல் நிறம்தான் தெரியுது. முன்னாடி நிறம் தெரியாமலாவது இருந்துச்சு. இப்ப அதுவும் போச்சு."

இன்ஜினியர் கைக்குட்டையை எடுத்து, ஏற்கெனவே சுத்தமாக இருந்த மூக்குக்கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார்.