அடைத்த இரண்டு ஓட்டைகள்

கடல் தாண்டிப் பிழைக்க வந்த ஊரில் வீடு வாடகை, கட்டில்கூட வாடகை. சொந்தம் என்று அவனுக்கு இருந்தது அந்தப் பழைய அமெரிக்கக் கார் ஒன்றுதான். அவனைவிடப் பதினைந்து வயது மூத்தது. கல்யாணத்துக்கு முன்பே வீட்டுக்கு வந்துவிட்டதால் மனைவி அதை 'அக்கா' என்பாள். "அக்காவுக்கு இன்னிக்கு உடம்புக்கு என்ன?" என்று அடிக்கடி கேட்பாள். ஆறு வருஷமாக ஷெட் பக்கம் அவளை அவன் அண்டவிட்டதில்லை. ஸ்பேனரை எடுத்த இடத்தில் வைக்க மாட்டாளாம்.

அன்று வண்டிச் சோதனை. தேறினால் சாலையில் ஓட்டலாம். ஏற்கெனவே பிரேக்கில் ஒரு முறை, புகையில் ஒரு முறை என்று இரண்டு முறை கோட்டை விட்டாயிற்று. மூன்றாவதும் போனால் பதிவு ரத்து, அப்புறம் காயலான் கடைதான்.

இழுவை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனான். அதிகாரி பிரேக்கைப் பார்த்தார், புகையைப் பார்த்தார், இரண்டுக்கும் டிக் போட்டார். பின்னால் போய் இண்டிகேட்டரைப் போடச் சொன்னார். பிரேக் விளக்கே சிவப்பாகச் சிமிட்டியது. அமெரிக்காவில் அப்படித்தான்.

"இங்க மஞ்சளாதான் எரியணும் சார். பழைய ஃபைல்ல ரெண்டு மஞ்ச லைட் இருந்ததா போட்டிருக்கே, எங்க அது?"

முந்தைய சொந்தக்காரர் பின்தகட்டில் ஓட்டை போட்டு மாட்டியிருந்த அசிங்கம் அது. ஒரிஜினல் இல்லையே என்று பிடுங்கி எறிந்து, ஓட்டைகளை வெல்டிங் வைத்து அடைத்து, தேய்த்துத் தேய்த்துப் பெயிண்ட் அடித்தவன் சாட்சாத் அவனேதான். அதற்கு மட்டும் நாலு மாதம்.

"நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் டைம் தரேன். மாட்டிட்டு வாங்க."

மறுநாள் காலை டிரில்லைத் தகட்டில் வைத்தான், எடுத்தான். மறுபடி வைத்தான், எடுத்தான். எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. அதிகாரியைத் திட்டினான், சட்டத்தைத் திட்டினான், தன்னை மட்டும் விட்டுவிட்டான். சத்தம் கேட்டு மனைவி வந்து நின்றாள்.

"ஓட்டை போட்டா அது ஒரிஜினலே இல்ல. உனக்குப் புரியாது."

"புரியலதான். ஓடாம நின்னா மட்டும் ஒரிஜினலா?"

சுருக்கென்று தைத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு ஓட்டையும் போட்டு மஞ்சள் விளக்குகளை மாட்டினான்.

வண்டி தேறியது. அதிகாரி அந்த விளக்குகளைப் பத்து விநாடிகூடப் பார்க்கவில்லை. அது வேறு வயிற்றெரிச்சல்.

மனைவியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு முதல் முறையாகச் சாலைக்கு வந்தான். முன்னால் ஒரு லாரி ஊர்ந்தது. எல்லோரும் இடப்பக்கம் போகும் ஊரில் இவன் ஸ்டியரிங்கும் இடப்பக்கம். லாரியை முந்தலாமென்றால் எதிரே என்ன வருகிறதென்று தெரியவே தெரியாது. வலப்பக்கம் இருந்த அவளுக்குத்தான் தெரியும். இரண்டு கிலோமீட்டர் லாரிப் புகையைக் குடித்தபின் வேறு வழியில்லாமல் கேட்டான்.

"எதிர்ல ஏதாவது வருதா, பாரேன்."

அவள் கழுத்தை நீட்டி நிதானமாகப் பார்த்தாள்.

"வருது. நான் சொல்ற வரைக்கும் இருங்க."

அவன் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தான்.