பன்னிரண்டாவது ஆள்

கக்கூஸ் தாழ்ப்பாள் விழுந்த சத்தம் கேட்டதும் நாகலக்ஷ்மி மாமி நறுக்கிக்கொண்டிருந்த வெண்டைக்காயை அப்படியே போட்டுவிட்டு எழுந்தாள். கணவர் அனந்தநாராயணன் ஹாலில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். மகள் மானசா லாப்டாப்பும் கையுமாக ஊஞ்சலில் இருந்தாள். அப்படியென்றால் உள்ளே இருப்பது வேலைக்காரி ஆறுமுகத்தாய்தான். கழுவப் போகிறவள் கதவைத் திறந்து வைத்துக்கொண்டுதான் கழுவுவாள், பத்து வருஷமாக அதுதான் நடைமுறை. அவள் தாழ்ப்பாள் போட்டால் அதற்கு ஒரே அர்த்தம்தான் இருக்க முடியும்.

"ஆறுமுகம்! உள்ள என்ன பண்ணிண்டிருக்காய்?"

தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது. கதவு திறந்தது. ஆறுமுகத்தாய் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, தப்பு செய்த பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நின்றாள். நாற்பத்தாறு வயசு.

"மாமி, முடியல்ல. அடக்கி அடக்கிப் பாத்தேன். மானசா பாப்பாதான் தண்ணி குடிக்கச் சொல்லிச்சு."

"தண்ணி குடிக்கச் சொன்னா குடி. அதுக்கு எங்க கக்கூஸா கெடைச்சுது ஒனக்கு?"

மாட்டுங்காவில் அந்த ஏழு மாடிக் கட்டிடத்தில் இது ஒன்றும் புது விஷயமில்லை. வேலைக்கு வரும் பெண்கள் எல்லா வீட்டு கக்கூஸையும் தேய்த்துக் கழுவலாம். உட்காரத்தான் கூடாது. கீழே வாட்ச்மேன் அறைக்குப் பக்கத்தில் ஒன்று உண்டு, அது டிரைவர்களுக்கும் வாட்ச்மேனுக்கும். ஆறுமுகத்தாய் தாராவியில் காலை ஐந்தரைக்குப் பொதுக் கக்கூஸில் வரிசை நின்றுவிட்டுக் கிளம்பினால், மூன்று வீட்டு வேலை முடித்துத் திரும்ப மத்தியானம் இரண்டரை ஆகும். அதுவரைக்கும் ஒரு வாய் தண்ணீர் குடிப்பதில்லை. யார் சொல்லிக்கொடுத்தார்கள்? உடம்பே கற்றுக்கொண்டது. சுத்தம், ஆசாரம், கட்டிட சொசைட்டி ரூல் என்று என்ன பேர் வேண்டுமானாலும் வைக்கட்டும். பச்சையாகச் சொன்னால் ஜாதி.

அந்தத் தண்ணீரைக் குடிக்க வைத்தது ஆராய்ச்சி. மானசா ஒரு தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் டிசைன் படிப்பில் ஆராய்ச்சி மாணவி. வீட்டு வேலை செய்யும் பெண்கள் குனியாமல் தரையும் கழிப்பறையும் கழுவ, கழுத்து வளையும் நீளக் கைப்பிடி பிரஷ் ஒன்றைச் செய்திருந்தாள். நல்ல பிரஷ்தான், குறை சொல்ல முடியாது. மாட்டுங்கா, செம்பூரில் பன்னிரண்டு பெண்கள் அதை வைத்து வேலை செய்ய வேண்டும். மார்பில் பெல்ட் கட்டி இதயத் துடிப்பைப் பதிவு செய்வாள். பதினோரு பேர் முடிந்தது. பன்னிரண்டாவது ஆள் ஆறுமுகத்தாய். ஆராய்ச்சி ஆரம்பித்த நாளிலிருந்து மானசா அவளை "அக்கா" என்று கூப்பிடுகிறாள். அதற்கு முன்னால் "ஆறுமுகம்"தான்.

முதல் நாள் பதிவு தாறுமாறாக ஏறியது. தன் வழிகாட்டிப் பேராசிரியர் வைத்தீஸ்வரனிடம் போனில் கேட்டாள். உடம்பில் தண்ணீர் இல்லாவிட்டால் அப்படித்தான் காட்டும், வேலைக்கு முன்னால் அரை லிட்டர் கொடு என்றார். கொடுத்தாள். ஆறுமுகத்தாயும், பாப்பா தன் கையால் கொடுக்கிறதே என்று கடகடவென்று குடித்தாள். அந்த வீட்டில் அவளுக்கு யாரும் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டதே கிடையாது, பாவம்! குடித்தது எங்கே போகும் என்று அக்காளும் யோசிக்கவில்லை, ஆராய்ச்சிக்காரியும் யோசிக்கவில்லை.

"இன்னிக்கே கணக்குத் தீர்த்து அனுப்பிடறேன்," என்றாள் மாமி.

மானசா எழுந்து வந்தாள். "அம்மா, ப்ளீஸ். வெள்ளிக்கிழமை வைத்தீஸ்வரன் சார் நம்மாத்துக்கு வரார். அவர் முன்னாடி அக்கா வேலை பண்ணிக் காட்டணும். அதுவரைக்கும் இருக்கட்டும்."

"அப்போ இதுக்கு என்ன பண்றது?" மாமி கக்கூஸைக் காட்டினாள். தீட்டுப் பட்ட இடத்தைக் கழுவியாக வேண்டும். யார் கழுவுவது? மாமி கை வைப்பாளா? ஆறுமுகத்தாயேதான் இரண்டு தடவை பினாயில் ஊற்றிக் கழுவினாள். தீட்டையும் அவளே வைத்து, அவளே எடுத்தாகிவிட்டது. அந்த வேடிக்கை அந்த வீட்டில் யாருக்கும் உறைக்கவில்லை.

லிஃப்ட் வாசலில் மானசா குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "இன்னும் மூணு நாள்தானே அக்கா. கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்கோ."

"தண்ணி குடிக்காம இருக்கட்டா பாப்பா?"

"ஐயோ, அது மட்டும் வேண்டாம். ரீடிங் போயிடும்."

ஆறுமுகத்தாய் அவள் முகத்தையே பார்த்தாள். மாமி வீட்டில் நிறுத்தினால் அதே கட்டிடத்தில் மாமியின் சிநேகிதிகளின் வீடுகளான மற்ற இரண்டிலும் நிறுத்திவிடுவார்கள். புருஷன் இசக்கிதுரை குர்லாவில் பட்டறை மூடியதிலிருந்து வீட்டில் இருக்கிறான். அடுப்பு எரிவதே இந்த மூன்று வீட்டால்தான். "சரி பாப்பா," என்றாள்.

புதனும் வியாழனும் அரை லிட்டர் குடித்தாள். பெல்ட் கட்டிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, அந்தக் கழிப்பறையைப் பளபளவென்று தேய்த்தாள். பதிவு சுத்தமாக வந்தது. மானசாவுக்கு ஏகப்பட்ட சந்தோஷம். வியாழன் சாயங்காலம் ஆறுமுகத்தாய்க்குக் குளிர்காய்ச்சல் அடித்தது. தாராவி டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி, "அடக்கி வைக்கிறீங்களா?" என்பதுதான். நிறையத் தண்ணீர் குடிக்கணும், அடக்கவே கூடாது, இல்லாவிட்டால் கிட்னிக்கு வந்துவிடும் என்று மாத்திரை எழுதிக் கொடுத்தாள். வழியெல்லாம் ஆறுமுகத்தாய்க்கு அழுகை அழுகையாக வந்தது. அடக்காமல் இருப்பதற்கு மாத்திரை உண்டா?

வெள்ளிக்கிழமை பேராசிரியர் முலுண்டிலிருந்து வந்தார். தங்கமான மனுஷர். ஆறுமுகத்தாயைப் பார்த்து "வாங்கம்மா" என்று அவரே முதலில் சொன்னார். அவள் காய்ச்சல் உடம்போடு பிரஷைப் பிடித்து வேலை செய்து காட்டினாள். அவர் அசந்துபோய்ப் பார்த்தார். மாமி காபி கொண்டுவந்தாள்.

"சொல்லுங்கம்மா. முதுகு வலி குறைஞ்சிருக்கா?"

"முதுகு வலி போயிட்டு சார். பிரஷ் நல்லாருக்கு."

"வேற ஏதாவது கஷ்டம்? தைரியமா சொல்லுங்க."

மானசா அவளைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கெஞ்சல் இருந்தது. ஆறுமுகத்தாய் தரையைப் பார்த்தாள்.

"ஒண்ணுமில்ல சார்."

அதோடு முடிந்திருக்கும். ஆனால் மானசா நிரப்பி வைத்திருந்த ஆராய்ச்சிப் படிவத்தில் அவள் கையெழுத்து வாங்க வேண்டியிருந்தது. படிக்கத் தெரியாதவர்களுக்குப் படிவத்தை வாசித்துக் காட்டித்தான் வாங்க வேண்டும் என்று பல்கலைக்கழகக் குழுவின் விதி. பேராசிரியர் விதியை மீறாதவர். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாக வாசித்தார். பேர், வயசு, வேலை நேரம். ஒவ்வொன்றுக்கும் அவள் தலையாட்டினாள்.

"பணியிடத்தில் குடிநீர், உண்டு. பணியிடத்தில் கழிப்பறை வசதி, உண்டு."

"யாருக்கு சார்?"

அவர் நிமிர்ந்தார். அவளுக்கே தன் குரல் ஆச்சரியமாக இருந்தது.

"ஆத்துல ரெண்டு இருக்கு," என்றாள் மாமி, அவசரமாக.

"இருக்கு. ரெண்டையும் நாந்தான் கழுவுதேன். ஆனா எனக்கு இல்ல. செவ்வாக்கெழம ஒருக்கா போனதுக்கு என்னையே ரெண்டு தடவ கழுவ வச்சாங்க. காய்ச்சலோட வந்துருக்கேன் சார். இல்லன்னு எழுதுங்க, கையெழுத்து போடுதேன். உண்டுன்னு இருந்தா போட மாட்டேன்."

அனந்தநாராயணன் பேப்பரை இன்னும் கொஞ்சம் உயர்த்திக்கொண்டார். மானசாவின் முகம் வெளுத்துவிட்டது. "சார், 'இல்லை'ன்னு போட்டா குழு என்ன சொல்லும்?"

"அப்படிப்பட்ட இடத்துல ஏன் சோதனை பண்ணினேன்னு கேப்பா." பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மத்த பதினோரு பேரும்?"

மற்ற பதினோரு வீடுகளையும் அவளுக்குத் தெரியும். எல்லாம் இதே மாதிரி வீடுகள்தான்.

"எல்லாரும் 'உண்டு'ல கையெழுத்து போட்டிருக்கா சார்."

நிஜமாகவே பேராசிரியருக்கு வருத்தமாக இருந்தது. பிறகு ஆறுமுகத்தாயைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்: "நீங்க சொல்றது பெரிய விஷயம்மா. ஆனா நம்ம ஆராய்ச்சி குனியறதைப் பத்தி மட்டும்தான். இது அதுக்குள்ள வராது." மானசா பக்கம் திரும்பினார். "பன்னெண்டை எடுத்துடு. பதினொண்ணு போதும்."

ஆறுமுகத்தாய் பெல்ட்டை அவிழ்த்து மேஜைமேல் வைத்தாள். "நாளைலேர்ந்து வர வேண்டாம்," என்று மாமி சொன்னபோது அவள் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். ஆறுமுகத்தாய் படியிறங்கி வருவதற்குள் மற்ற இரண்டு வீட்டுக்கும் போன் போய்விட்டது. இரண்டாவது மாடி அம்மாள் கதவைப் பாதி திறந்து, "ஆறுமுகம், வேற ஆள் கெடைச்சாச்சு," என்று சொல்லிச் சாத்திக்கொண்டாள். நாளைக்கு என்ன செய்வதென்று தெரியாமல், அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு, அவள் தாராவியைப் பார்க்க நடந்தாள்.

ஆராய்ச்சி மார்ச்சில் முடிந்தது. நல்ல பாராட்டு. மானசா கட்டுரையின் நான்காம் பக்கத்தில் இப்படி எழுதியிருந்தாள்: 'பங்கேற்ற பதினோரு பெண்களுக்கும் பணியிடத்தில் கழிப்பறை வசதி இருப்பது உறுதி செய்யப்பட்டது.' பதினோரு கையெழுத்துகளும் கடைசியில் இணைக்கப்பட்டிருந்தன.