கெஸ்ட்ரலின் பச்சைக் கதவு

ஆரின் பிராடெக் தன் மகனின் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபதாம் ஆண்டு மாடல் கெஸ்ட்ரல் காருக்கு எழுபத்தொன்றாம் ஆண்டுக் கதவு ஒன்றை மாட்டிய ஆகஸ்ட் மாதத்து மதியம், காரின் வலது இருக்கையில் மட்டும் பனி பெய்யத் தொடங்கியது. வெளியே நல்ல வெயில். எங்கள் ஊரான மார்லோவில் அந்த வாரம் சோளத்தின் விலை இறங்கியிருந்தது, ஏரியில் தண்ணீரும் இறங்கியிருந்தது, அதனால் பனியைப் பற்றி ஊர் அதிகம் பேசவில்லை. அக்கம்பக்கத்தார் கிண்ணத்தோடு வந்து அள்ளிப்போய் எலுமிச்சைச் சாற்றில் போட்டுக்கொண்டார்கள். பழைய பனி, கொஞ்சம் இரும்பு வாடை அடிக்கிறது என்றார்கள்.

கெஸ்ட்ரல் எங்கள் ஊர் ஆலையில் செய்த கார். முன்பக்கம் முழுக்க எஞ்சின், பின்னால் பெயருக்கு ஒரு இருக்கை. சாலையில் போனால் வீட்டு அலமாரியில் கோப்பைகள் அதிரும். ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் ஆலை அதன் முகத்தை மாற்றிவிடும். ஓராண்டு இரட்டை விளக்கு, இன்னோராண்டு ஒற்றை விளக்கு. ஆரின் அங்கே தகடு அடிக்கும் பிரிவில் இருந்தார். மகன் கர்ட்டை இரண்டாவது ஷிஃப்டில் சேர்த்துவிட்டதும் அவர்தான், ஆள் போதாதபோது தொடர்ந்து இரண்டு ஷிஃப்ட் பார்க்கக் கொடுங்கள் என்று மேஸ்திரியிடம் சொன்னதும் அவர்தான். எழுபத்துநான்காம் ஆண்டு ஏப்ரலில், அப்படி இரண்டு ஷிஃப்ட் முடித்து வீட்டுக்கு வருகிற வழியில், விடிந்துகொண்டிருந்த நேரத்தில், குவாரி சாலையின் மேப்பிள் மரத்தில் கர்ட் மோதினான். பிரேக் போட்ட தடமே சாலையில் இல்லை. தூங்கிக்கொண்டே போயிருக்கிறான் என்று போலீஸ்காரர் சொன்னார். அவனுக்கு வயது இருபத்திரண்டு.

நசுங்கிய காரை ஆரின் இழுத்துவந்து கொட்டகையில் நிறுத்தித் தார்ப்பாய் போட்டு மூடினார். அவர் மனைவி மேவிஸ் அதன் பிறகு கொட்டகைக்குள் கால் வைக்கவில்லை. செடி வெட்டும் கத்தரி உள்ளே இருந்தது, அதைக்கூட எடுக்காமல் புதிதாக ஒன்று வாங்கிக்கொண்டாள். பதினான்கு வருடம் அப்படியே போயிற்று. எண்பத்தெட்டில் ஆலையை மூடினார்கள். ஆரினுக்குக் கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாது. ஒரு காலையில் போய்த் தார்ப்பாயை உருவினார். சுத்தியல் சத்தம் கேட்டதும் மேவிஸ் சமையலறையில் ரேடியோவைக் கூட்டி வைத்தாள்.

காரின் இடதுபக்கம், ஸ்டியரிங் இருக்கிற பக்கம், தப்பியிருந்தது. வலது மட்கார்டு, பானட், வலது கதவு மூன்றும் போயிருந்தன. எழுபதாம் ஆண்டு உதிரிகள் எங்கும் கிடைக்கவில்லை. ரோலி பிக்கெட்டின் காயலான் கடையில் இருந்ததை எடுத்துக்கொண்டார். பானட் அறுபத்தொன்பது, ஆரஞ்சு நிறம். மட்கார்டு எழுபத்திரண்டு, வெள்ளை. கதவு எழுபத்தொன்று, பச்சை. கார் மட்டும் கருநீலம். இடப்பக்கம் இரண்டு விளக்கு, வலப்பக்கம் ஒன்று.

“மூணு கண்ணோட கார நான் இப்பதாம்ப்பா பாக்கறேன்,” என்றான் ரோலி. “ராத்திரி எதிர்ல வந்தா எவனாவது பயந்து பள்ளத்துல விட்டுருவான்.”

“ஓட்டறதுக்கா செய்யறேன்?” என்றார் ஆரின்.

பானட்டை மாட்டியதும் அதற்குள்ளிருந்து வெட்டுக்கிளிச் சத்தம் வந்தது. மட்கார்டை மாட்டியதும் அந்த ஒற்றை விளக்கிலிருந்து தேனீக்கள் புறப்பட்டுப் போய்ப் பக்கத்துத் தோட்டத்து ஆப்பிள் மரங்களைச் சுற்றின. ஒவ்வொன்றும் தான் அடிபட்ட நாளின் பருவத்தைக் கூடவே கொண்டுவந்திருக்கிறது என்று ஆரின் புரிந்துகொண்டு, பட்டி பார்க்கும் வேலையைத் தொடர்ந்தார். கடைசியாகத்தான் கதவும் பனியும்.

பனியைப் பற்றி டொலீடோ நகரத்துச் செய்தித்தாளில் இரண்டு வரி வந்தது. அதைப் படித்துவிட்டு லூயெல்லா ஸ்டாம்பர் என்ற பெண் ஒரு ஞாயிற்றுக்கிழமை பேருந்தில் வந்து இறங்கினாள். ஐம்பத்தைந்து வயதிருக்கும். பச்சைக் கதவின் அடியில் ஒரு சொட்டையை விரலால் தடவிப் பார்த்தாள். தபால்பெட்டியில் தன் கணவர் இடித்த சொட்டை என்றாள். பதினைந்து வருடத்துக்கு முன் ஒரு ஜனவரிப் பனிப்புயலில் அவள் மகள் டெஸ் அந்தக் கதவு இருந்த காரோடு வழியில் மாட்டிக்கொண்டாள். ஓட்டுநர் பக்கம் பனிமேட்டில் புதைந்துவிட்டது. அவள் வலது இருக்கைக்கு நகர்ந்து உட்கார்ந்து, யாராவது வருவார்கள் என்று காத்திருந்தாள். சாலையைத் திறக்க இரண்டு நாளாயிற்று.

கொஞ்ச நேரம் உள்ளே உட்காரலாமா என்று லூயெல்லா கேட்டாள். ஆரின் கதவைத் திறந்துவிட்டு வெளியே போய்விட்டார். அவள் திரும்ப வந்தபோது தலைமுடி நனைந்திருந்தது. உள்ளே யாரும் இல்லை. ஆனால் கண்ணாடியில் மூச்சு படிகிறது, அதன்மேல் விரலால் கட்டம் போட்டிருக்கிறது என்றாள். பெருக்கல் குறியும் வட்டமும் மாற்றி மாற்றிப் போடுகிற அந்த விளையாட்டு. நடுக்கட்டத்தில் ஒரு பெருக்கல். லூயெல்லா ஓரத்தில் ஒரு வட்டம் போட்டுவிட்டு வந்தாள். அடுத்த ஞாயிறு வந்து பார்த்தால் இன்னொரு பெருக்கல் விழுந்திருந்தது.

அன்றுதான் மேவிஸ் கொட்டகை வாசலுக்கு வந்தாள், கையில் காப்பிக் கோப்பையோடு. லூயெல்லா குளிரில் நடுங்குவதைச் சமையலறை ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருக்க அவளால் முடியவில்லை. காரைப் பார்க்காமல் கோப்பையை நீட்டினாள்.

“ஜெயிச்சீங்களா?”

“எங்க ஜெயிக்க விடறா,” என்றாள் லூயெல்லா. “சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான். கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள ரெண்டு கட்டம் போட்டுருவா.”

இலையுதிர் காலம் முழுவதும் ஞாயிறுதோறும் லூயெல்லா வந்தாள். ஓர் ஆட்டம் முடிந்தால் அடுத்த ஞாயிறு கண்ணாடியில் புதுக் கட்டம் இருக்கும். மேவிஸ் அவளுக்குப் பன்றித் தொடைக்கறியும் உருளைக்கிழங்கும் எடுத்து வைத்தாள். பெண்கள் இருவரும் ‘நீங்க’விலிருந்து ‘நீ’க்கு வந்தார்கள். ஒருநாள் பாத்திரம் துடைத்துக்கொண்டே மேவிஸ் கணவரிடம் கேட்டாள், யார்யாரோ வந்துபோகிற வண்டியில் நம் பையனுடையது என்று ஒன்றுமே இல்லையா என்று. கூரை, இடது கதவு, ஸ்டியரிங் எல்லாம் கர்ட்டினுடையவைதான். அவை வெறும் தகடாகவே கிடந்தன.

குளிர்காலத்தின் முடிவில் ரோலி இந்தியானாவிலிருந்து ஒரு எழுபதாம் ஆண்டு கெஸ்ட்ரலைக் கொண்டுவந்தான். ஆலையிலிருந்து வந்த நாள்முதல் சாலையில் ஓடாமல் களஞ்சியமொன்றிலேயே நின்றுபோன வண்டி அது, சாவு எதையும் பார்த்ததில்லை. ஆரின் முதலில் மட்கார்டை மாற்றினார். தேனீக்கள் நின்றன. பானட்டை மாற்றினார். வெட்டுக்கிளிகள் நின்றன. அன்று மாலை மேவிஸ் உள்ளே வந்து, ஏறக்குறைய பதினைந்து வருடத்தில் முதல்முறையாக, ஸ்டியரிங்கில் கை வைத்தாள்.

“ஆரின், இது சூடா இருக்கு,” என்றாள். “இப்பதான் யாரோ கையெடுத்த மாதிரி.”

மீதம் கதவு ஒன்றுதான், அதை மாற்றினால் பனியும் நின்றுவிடும். கருநீலக் கதவு சுவரோரம் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. ஆரின் தினமும் ஸ்பேனரை எடுப்பார், வைப்பார். அடுத்த ஞாயிறு லூயெல்லா வந்ததும் அதைப் பார்த்துவிட்டாள். வெள்ளை மட்கார்டு இருந்த இடத்தையும் பார்த்தாள். யாரும் அவளுக்கு எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. பனியில் போய் உட்கார்ந்து ஆட்டத்தில் ஒரு வட்டம் போட்டாள். பிறகு வெளியே வந்து தலையைத் துவட்டிக்கொண்டாள்.

“இதை ஏன் இன்னும் மாட்டாம வெச்சிருக்கீங்க?”

“உன் ஆட்டம் பாதியில நிக்குதே,” என்றாள் மேவிஸ்.

“நான் இத்தன ஞாயித்துக்கிழமை என் பொண்ணோட உக்காந்துட்டேன். நீ ஒருநாள்கூட உக்காரல. மாட்டச் சொல்லு.”

கீல்களைக் கழற்றும்போது கதவை ஒருபக்கம் லூயெல்லாவே தாங்கிப் பிடித்தாள். இருக்கையில் இருந்த பனி கரைந்து தரையில் ஓடியது. கருநீலக் கதவு மாட்டிச் சாத்தப்பட்டதும் ஓட்டுநர் இருக்கை ஓர் ஆளின் எடைக்குத் தாழ்ந்தது. ஸ்பிரிங் முனகியது. பிறகு குறட்டை கேட்டது. பெரிய குறட்டை இல்லை, மூக்கில் லேசாக விசிலடிக்கிற குறட்டை. பள்ளிக்கூடத்தில் ஐஸ் ஹாக்கி ஆடும்போது கர்ட்டின் மூக்கு உடைந்திருந்தது, அதிலிருந்து அவன் அப்படித்தான் தூங்குவான்.

ஆரின் கையை நீட்டினார். தோள் இருக்கவேண்டிய இடத்துக்கு அந்தக் கை போய்ச் சேர்வதற்குள் மேவிஸ் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

“எழுப்பாத. ரெண்டு ஷிஃப்ட் பாத்துட்டு வந்திருக்கான்.”

வலது பக்கம் ஏறி உட்கார்ந்து இருட்டும்வரை கேட்டுக்கொண்டிருந்தாள். லூயெல்லா கடைசிப் பேருந்தைத் தவறவிட்டு அன்று அவர்கள் வீட்டிலேயே தங்கினாள்.

அதன்பிறகு ஒரு வாரம் பச்சைக் கதவு, ஒரு வாரம் நீலக் கதவு என்றாயிற்று. சனிக்கிழமைகளில் ஆரின் மாற்றிவிடுவார். ஆட்டம் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. நீல வாரங்களில் மேவிஸ் தூங்கப் போன பிறகு ஆரின் போய் உட்கார்ந்து, அந்த ஷிஃப்ட் விஷயத்தை மகனிடம் சொல்வார். ஒவ்வொரு முறையும் முழுவதுமாகச் சொல்வார். பதிலாகக் குறட்டை வரும். அதுவே தனக்குப் போதும் என்று ரோலியிடம் ஒருமுறை சொன்னாராம். எட்டு வருடம் இப்படிப் போனது. ஊரில் பாதிப்பேர் வேலை தேடித் தெற்கே போய்விட்டார்கள்.

தொண்ணூற்றேழு வசந்தத்தில் ஆரின் இதயம் நின்று இறந்தார். அப்போது வண்டியில் இருந்தது பச்சைக் கதவு. அடக்கம் முடிந்ததும், ரோலியைக் கூப்பிட்டு நீலக் கதவை மாட்டிவிடலாம் என்றாள் லூயெல்லா. மேவிஸுக்கு இனி அந்தச் சத்தமாவது துணைக்கு இருக்க வேண்டும் என்று அவள் நினைத்தாள்.

மேவிஸ் சொன்னாள்: “உன் பொண்ணு முழிச்சுக்கிட்டு இருக்கா, லூயெல்லா. யாராவது வருவாங்கன்னு பாத்துக்கிட்டு இருக்கா. என் பையன் தூங்கறான். தூங்கறவன நான் கேட்டாலும் கேக்காட்டாலும் அவன் தூங்கிக்கிட்டுதான் இருப்பான். அந்தக் கதவு அப்படியே இருக்கட்டும்.”

சொல்லிவிட்டு எழுந்துபோய்க் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். வெளியே லூயெல்லா ரொட்டியை அறுத்தபடி உட்கார்ந்திருந்தாள்.

லூயெல்லா டொலீடோ வீட்டை விற்றுவிட்டு மார்லோவுக்கே வந்து, கர்ட்டின் அறையில் தங்கினாள். ஆட்டத்தில் அவள் இன்னும் ஜெயிக்கவில்லை. ஓட்டுநர் இருக்கை தாழ்வதில்லை, குறட்டை கேட்பதில்லை. பக்கத்தில் இப்படிப் பனி கொட்டினால் அவனுக்குக் குளிரும் என்று மேவிஸ் சாயங்காலம் ஒரு கம்பளியை அந்த வெற்று இருக்கையில் விரித்துவிட்டு வருவாள். காலையில் அது கழுத்துவரை இழுத்துவிட்டதுபோல் மேலே ஏறியிருக்கும். திங்கட்கிழமைகளில் அதைத் துவைத்து வேலியில் காயப்போடுவாள். அந்த வழியாகப் போகிற நாங்கள், மழை வருகிற மாதிரி இருந்தால், எடுத்து மடித்து வாசலில் வைத்துவிட்டுப் போவோம்.