தார்ப்பாய் இல்லாத படம்

மக்காஸாரின் பாவோத்தெரே துறையில் இறங்கியதும் விராத்மோ முதலில் பார்த்தது கப்பலை அல்ல. வண்டிக் கண்ணாடியில் தன் தொப்பியை. அது போதிய அளவு சாய்ந்திருக்கிறது என்று திருப்தியான பிறகுதான் கடல் பக்கம் திரும்பினார்.

சுராபாயாவிலிருந்து வந்திருந்த படம் வரைகிற கூட்டத்துக்கு அவர்தான் தலைவர். ஊர் ஊராகப் போய், கட்டடத்தையும் படகையும் நேரில் பார்த்து, அங்கேயே உட்கார்ந்து வரைய வேண்டும் என்பது கூட்டத்தின் விதி. அந்த விதியைப் பற்றி அவர் மணிக்கணக்காகப் பேசுவார். பேசி மிஞ்சிய நேரத்தில் வரைவார்.

கூட்டத்தில் ஒருத்தியான யூலினாருக்கு அந்த ஆளைக் கண்டாலே ஆகாது. அவள் பல் மருத்துவர். வாயைத் திறந்து வைத்துக்கொண்டும் பேசாமல் இருக்கிறவர்களோடு பழகியவள்.

ஃப்ளோரெஸ் தீவுக்குப் புறப்பட இருந்த மரக்கப்பல் ஒன்றின் எதிரே எல்லோரும் உட்கார்ந்தார்கள். கப்பல் நிறைய சிமெண்டு மூட்டை. அதன்மேல் நீலத் தார்ப்பாய். விராத்மோ உச்சுக்கொட்டிவிட்டு, கப்பல்காரர் டாயெங் சிக்கியைக் கைதட்டிக் கூப்பிட்டார்.

"டாயெங், அந்தத் தார்ப்பாயைக் கொஞ்சம் எடுத்துடுங்களேன். கண்ணை உறுத்துது."

"வானத்தைப் பாருங்க பாக். கறுத்துட்டு வருது." அந்தப் பக்கத்தில் ஐயாவுக்கு 'பாக்', அம்மாவுக்கு 'இபு'.

"அரை மணி நேரம்தான். உங்க கப்பலை எத்தனை ஊர்க்காரங்க பார்க்கப் போறாங்க தெரியுமா?"

டாயெங் சிக்கியின் முகம் மலர்ந்துவிட்டது. "கப்பல் பேரும் எழுதுவீங்களா?"

"எழுதாம?"

யூலினாருக்குப் பொறுக்கவில்லை. "பெட்டியில நீலம் தீந்துபோச்சா பாக்? என்கிட்ட இருக்கு, தர்றேன்."

"இபு யூலி, எதை விடணும்னு தெரிஞ்சவன்தான் கலைஞன்."

"அப்ப பேச்சையும் கொஞ்சம் விடுங்களேன்."

இரண்டு பேர் கிளுக்கென்று சிரித்தார்கள். தார்ப்பாய் என்னவோ இறங்கிவிட்டது.

அரை மணியெல்லாம் மழை காத்திருக்கவில்லை. கடலிலிருந்து சுவர் மாதிரி எழும்பி வந்து அடித்தது. கப்பலாட்கள் கத்திக்கொண்டு ஓடினார்கள். யூலினார் கையிலிருந்ததைப் போட்டது போட்டபடி ஏறுபலகையில் ஓடி, காற்றில் படபடத்த தார்ப்பாயின் ஒரு முனையைப் பிடித்துத் தொங்கினாள். கூட்டத்தில் இன்னும் சிலரும் பின்னாலேயே வந்தார்கள். திரும்பிப் பார்த்தாள். விராத்மோ மீன் கடைக் கூரைக்கடியில், படத்தைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு நின்றார்.

"ஜாக்கிரதை, யாரும் இடிச்சுடாதீங்க! இத்தாலிக் காகிதம்!" என்று அங்கிருந்தே கத்தினார்.

மழை வந்த வேகத்திலேயே ஓய்ந்தது. மேல் அடுக்கு மூட்டைகள் ஊறிப்போயிருந்தன. டாயெங் சிக்கி யாரையும் திட்டவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு நேரே மீன் கடைக்குப் போனார். யூலினாரும் பின்னால் போனாள்.

"பாக், பேர் எழுதியாச்சா?"

விராத்மோ படத்தை வெளியே எடுத்தார். அதில் வானம் பளிச்சென்று நீலமாக இருந்தது. கப்பலில் மூட்டை இல்லை, ஆள் இல்லை, பேரும் இல்லை.

"அது வந்து... எழுத்து வந்தா படம் மலிவாத் தெரியும் டாயெங்."

டாயெங் சிக்கியின் காதுமடல் சிவந்ததை யூலினார் பார்த்தாள். கடை மேசைமேல் கிடந்த விராத்மோவின் தடித்த தூரிகையை எடுத்தாள், கறுப்பில் தோய்த்தாள். விராத்மோ என்ன ஏது என்று கேட்பதற்குள் படத்திலிருந்த கப்பலின் மூக்கில் அதன் பேரை, 'புங்கா லாவுத்' என்று கொட்டை கொட்டையாக எழுதிவிட்டாள்.

"பைத்தியமா உனக்கு? இது கண்காட்சிக்குப் போற படம்!"

"போகட்டுமே. என்ன கப்பல்னு கேட்டா சொல்றதுக்கு ஆச்சு."

"இனிமே நீ எங்க கூட்டத்துல கிடையாது!"

"அப்பாடா!"

வண்டி அவளை விட்டுவிட்டுத்தான் கிளம்பியது. அவளோடு தார்ப்பாய் இழுத்தவர்கள்கூட ஜன்னலில் தலை காட்டவில்லை. ஆளுக்கொரு ஈரமான படப் புத்தகத்தை மடியில் விரித்து வைத்துக்கொண்டு, தலைவர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். முதுகெலும்பையும் வரையாமல் விட்டுவிட்ட கலைஞர்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

டாயெங் சிக்கி கப்பலிலிருந்து குரல் கொடுத்தார். "எழுத்து கோணலா இருந்துச்சு இபு!"

"எனக்குப் பல்லு பிடுங்கத்தான் தெரியும் டாயெங்."

"அப்ப மேல வாங்க. சமையல்காரன் ரெண்டு நாளா கன்னத்தைப் பிடிச்சுக்கிட்டு அழறான்."

யூலினார் ஈரப் பாவாடையைப் பிழிந்துகொண்டு பலகையில் ஏறினாள்.