சாலைக்கோட்டுச் சாயம்

மார்ச் பதினொன்று. விடியல் முதல் தூறல், காற்று இல்லை.

அண்ணன் ஒரு நரியின் மண்டையோட்டை வாளித் தண்ணீரில் முக்கித் தேய்த்துக்கொண்டிருந்தார். முன்னறையில் அக்காவின் உடல் கிடத்தப்பட்டிருந்தது. முந்தைய மாலை, தூரிகையைப் பிடித்தபடியே நெஞ்சடைத்து மாண்டிருந்தாள்.

காட்டை ஊடறுக்கும் சாலையில் அடிபட்டு இறந்த விலங்குகளின் தலைகளை அவள் எடுத்து வருவாள். மண்தொட்டியில் புதைத்து, புழுக்கள் தசையைத் தின்று முடித்ததும் தோண்டியெடுத்து, நெற்றியெலும்பில் கொடியும் பூவும் தீட்டுவாள். பூக்களின் நடுவே, அவ்விலங்கு விழுந்த இடத்தின் கிலோமீட்டர் எண். அச்சாலையை அகலப்படுத்திய ஒப்பந்தக்காரர் அண்ணன். அவருக்கு அவ்வேலையைக் கொடுத்த பொறியாளர் துக்கம் கேட்க வந்துகொண்டிருந்தார்.

"போகவே மாட்டேங்குது, சனியன்! என்னத்தடி பூசித் தொலைச்சா?"

"ரோட்டுக்குக் கோடு போடுற பெயின்ட்டுண்ணே," என்றாள் தங்கை. "உன் குடோன்ல எடுத்ததுதான். வெயிலு மழைக்கு அசையாதுன்னு நீதானே பீத்திக்கிட்டே?"

அண்ணனின் கை நின்றது.

"நக்கலா? எல்லாத்தையும் சாக்குல கட்டு. அடுத்த டெண்டர் அவர் கையில இருக்கு. மானத்தை வாங்காதே."

"இன்னிக்கு ஒருநாளாவது அவ செஞ்சது அவகூட இருக்கட்டும். சாக்கைத் தொட்டே, பாத்துக்கோ."

அவள் மண்டையோடுகளை ஒவ்வொன்றாகச் சுமந்து, வாசற்கதவிலிருந்து அக்காவின் காலடி வரை, எண் வரிசையில் இருபுறமும் அடுக்கினாள். மான், முள்ளம்பன்றி, குரங்கு, காட்டுப்பூனை. நடுவில் ஓர் ஆள் நடக்கும் இடமே எஞ்சியது. அண்ணன் ஈரக்கையுடன் பார்த்துக்கொண்டு நின்றார், தடுக்கவில்லை, உதவவுமில்லை.

பொறியாளர் மலர்வளையத்துடன் வாசலில் நின்றுவிட்டார். முதல் எண்ணைப் படித்தார். அடுத்ததையும் படித்தார்.

"இது... நம்ம ரோடா?"

"உங்க ரோடுதான் சார்," என்றாள் தங்கை. "மெதுவா வாங்க. அங்கதான் யாரும் மெதுவா வர்றதில்லே."

அவர் முகம் கறுத்தது. அண்ணனை நோக்கினார். அண்ணன் தலைகுனிந்தார். பொறியாளர் வழியை அகலப்படுத்த எண்ணியவர்போல், காட்டுப்பூனையின் மண்டையோட்டைக் காலணி முனையால் ஒதுக்கப் போனார்.

"சார், காலை எடுங்க," என்றார் அண்ணன். "அது எங்க அக்கா செஞ்சது."

காலணி பின்வாங்கியது. பிறகு பொறியாளர், மான் கொம்பில் படாதவாறு மலர்வளையத்தைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, ஒவ்வோர் அடியாக எடுத்துவைத்து உள்ளே வந்தார். உடலருகே அவர் குனிந்தபோது காலை ஒன்பது மணி நாற்பது.