சத்தத்தை விழுங்கும் பெட்டி

மின்னல் என்று அவருக்குப் பட்டம் கொடுத்தது வேறு யாருமில்லை, அவரேதான். வார நாட்களில் பல் செட் செய்து கொடுப்பவர், ஞாயிறு மதியம் கிட்டார்காரர். கிட்டார் சத்தத்தைப் பெருக்குகிற அவருடைய வால்வு ஆம்ப் வீம்பு பிடித்த சாமான். சத்தத்தை முழுக்கத் திருகினால்தான் அந்தக் கரகரப்பான உறுமல் வரும். குறைத்தால் சளி பிடித்த ரேடியோதான். ஒத்திகை அறைக்குக் கீழே இருந்த தையல் கடைக்காரர் படியேறி வந்து சண்டை போடும்வரை முழுக்கத் திருகியே வாசித்தார்.

அதற்கு முந்தின மாதம்தான் ட்ரம்ஸ் வாசித்த மச்சினனைத் தன் இசைக்குழுவிலிருந்து நீக்கியிருந்தார். தாளத்தில் நிற்காமல் முந்தி ஓடுகிறானாம். அதையும் சாப்பாட்டு மேஜையில், மனைவி முன்னால், வாய்க்கு வந்தபடி சொன்னார். மனைவியும் கணவரை நம்பித் தம்பியைப் பொறுப்பில்லாதவன் என்று திட்டினாள். அவன் கை கழுவிக்கொண்டு போனவன்தான், பிறகு அந்த வீட்டுப் பக்கமே வரவில்லை.

தையல்காரருக்குப் பயந்து மின்னல் ஒரு அட்டெனுவேட்டர் வாங்கினார். ஆம்புக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் மாட்டுகிற கனமான பெட்டி. ஆம்ப் தொண்டை கிழியக் கத்தும். பெட்டி அதில் பெரும்பங்கை விழுங்கிச் சூடாகும். ஸ்பீக்கரில் அதே உறுமல் பேச்சுச் சத்தத்தில் வரும். முதல் கம்பியைத் தட்டியதும் மனிதருக்கு வாயெல்லாம் பல்.

பாதிப் பாட்டில் புது ட்ரம்ஸ்காரி குச்சிகளைக் கீழே வைத்தாள். மின்னல் தாளத்தை முந்திப் போகிறார் என்று மரியாதையாகவே சொன்னாள். மறுபடி வாசித்தார்கள். சத்தம் அடங்கியிருந்ததால் இந்த முறை அவருக்கே கேட்டது. வேகமான இடம் வந்ததும் அவர் விரல்கள் தாளத்தை விட்டுத் தனியாக ஓடின.

பேஸ் கிட்டார் வாசிக்கிற நண்பர் அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "உங்க மச்சினன் பின்னாடியே ஓடி வந்து உங்களைப் புடிச்சுக்குவான். உங்க தப்பு வெளிய தெரியக் கூடாதுன்னு."

மின்னலுக்குக் காது மடல்வரை சுட்டது. கிட்டாரை உறையில்கூடப் போடாமல் கிளம்பி, மச்சினன் வீட்டு வாசலில் போய் நின்றார்.

"ஓடினது நான்தான் மாப்ள."

"தெரியும் மாமா."

"அன்னைக்கே சொல்ல வேண்டியதுதானே?"

"அக்கா பக்கத்துல இருந்தா. உங்க வாசிப்புன்னா அவளுக்கு அவ்வளவு பெருமை."

திரும்பி வரச் சொன்னார். அக்கா கூப்பிட்டால் வருகிறேன் என்றான். நியாயம்தான். அங்கேயே மனைவிக்குப் போன் போட்டார்.

எடுத்ததும் அவள் கேட்டாள், "என்னங்க, பெட்டி எப்படி இருக்கு?"

உண்மையைச் சொல்லத்தான் மின்னல் வாயைத் திறந்தார். நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

வெட்கத்தில் அவரால் நிமிர முடியவில்லை. மச்சினன் உள்ளே போய் அவருக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்தான்.